குழந்தையோடு கேட்ட கேள்விகள்

என் மகளுக்கு எட்டு மாதமாக இருந்தபோது அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஃபிஜியில் லோவு என்ற கரும்புக் கிராமத்தில் வீடு வீடாகப் போய், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பது என் வேலையாக இருந்தது. பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்ததற்கு அடுத்த வருஷம். எங்கள் இந்திய வம்சாவளி ஆட்களில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போக முடிந்தவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். போக முடியாதவர்கள் எப்படி வாழ்கிறார்கள், யாருக்கு முதலில் கைகொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள, தலைநகர் சுவாவிலிருந்து ஓர் ஆய்வுக்குழு வந்திருந்தது. எங்கள் பதில்களைப் பார்த்துத்தான் ஓர் உதவிக்குழு, ஒதுங்க இடமில்லாதவர்களுக்குப் பக்கத்து நகரமான லௌடோகாவில் வீடு கொடுக்கும் என்றார்கள். வீடுகள் சிலதான் இருந்தன.

இந்தியும் தமிழும் தெரிந்த, படித்த பெண் வேண்டும் என்று என்னை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் பேசுவது ஃபிஜி இந்திதான். கோயில் வகுப்பில் அப்பா என்னை விடாப்பிடியாக உட்காரவைத்ததால் தமிழ் வந்தது. குழந்தையை விட்டுவிட்டு வர ஆளில்லை. என் அம்மா இருப்பது தூரத்து ஊரில். மாமியார் கொழுந்தனாரோடு ஆக்லாந்து போய்விட்டார். கணவருக்குக் கடையில் வேலை. குழந்தையோடு வரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். மேற்பார்வையாளருக்கு ஒரே சந்தோஷம்.

"தாராளமா வாங்க. கைக்குழந்தையைப் பார்த்து யாரும் கதவைச் சாத்த மாட்டாங்க."

அவர் சொன்னது சரிதான். யாரும் சாத்தவில்லை. நாயைக் கட்டினார்கள், பாய் விரித்தார்கள், குழந்தையின் கன்னத்தில் மை வைத்தார்கள். சாலையோரத்து முதல் வீட்டுக்காரி என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், வாயாடி. எங்களைப் பார்த்ததும் தெருவெல்லாம் கேட்க இந்தியில் கத்துவாள்.

"ரெண்டு பல்லு மேனேஜரம்மா வந்துட்டாங்க! பின்னாடியே அவங்க கிளார்க்கும் வருது, பாரு!"

கிளார்க் நான்தான். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து கேட்பேன். சாப்பாட்டுக்குக் கஷ்டமுண்டா? பயமில்லாமல் தூங்குகிறீர்களா? உதவி வேண்டுமென்றால் யாரிடம் போவீர்கள்? அவள் குழந்தையின் காலை ஆட்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொன்னாள்: "சப் டீக்." எல்லாம் நல்லபடி. அடுத்த வீட்டிலும் சப் டீக். அதற்கடுத்த வீட்டிலும்.

எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. வெட்டாத கரும்பு மஞ்சளாகி நின்றது. கோயிலில் செவ்வாய்க்கிழமை பூசைக்கு ஆளில்லை. ஆனால் யாருக்கும் ஒரு குறையுமில்லை. என் கேள்வி சரியில்லையா, கேட்கிற விதம் சரியில்லையா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசிப்பேன். பிறகு, படித்தவர்கள் எழுதிய கேள்விகள், நான் யார் குறை சொல்ல என்று நினைத்துக்கொள்வேன்.

மேட்டில் ஒரு பெரிய மரவீடு இருந்தது. நீலச் சாயம், ஜன்னலுக்கெல்லாம் கம்பி, சிவப்புத் தகரக் கூரை. வீட்டுக்காரர் மனைவி மக்களோடு சிட்னி போய்விட்டார். வீட்டில் விளக்கு அணையக்கூடாது என்று தன் விதவைத் தங்கையை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார். எங்கள் ஆட்களில் பலர் அப்படிச் செய்தார்கள். குடும்பமே கப்பலேறினாலும் சாமி மாடத்தில் ஒரு கை திரி போடவேண்டும். ஐம்பது தாண்டிய அந்த அம்மாவை நான் அத்தை என்று கூப்பிட்டேன். வாசற்படியிலேயே உட்கார்ந்து, குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். கதவுக்கு அப்பால் ஆளுயரக் குளிர்பெட்டி ஒன்று தெரிந்தது.

"அண்ணன் பணம் அனுப்பறாரா அத்தை?"

"அனுப்பாம? ராசாத்தி மாதிரி வச்சிருக்கான். இல்லடி என் தங்கம்?" பதில் எனக்கு, முகம் குழந்தைக்கு. "நாளைக்கும் தூக்கிட்டு வா, பொண்ணே."

பெரிய வீடு, அனுப்பும் அண்ணன். இவருக்கு உதவி தேவையில்லை என்று குறித்துக்கொண்டு இறங்கினேன். குழந்தையின் துண்டை மறந்துவிட்டேன்.

மறுநாள் குழந்தைக்குச் சளி. கணவர் விடுப்பு எடுத்தார். இரண்டு வீடு பாக்கியிருந்ததால் நான் தனியாகப் போனேன். முதலில் துண்டை வாங்கிக்கொள்ளலாம் என்று மேட்டுக்கு ஏறினேன். அத்தை என் இடுப்பைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார்.

"கொயந்தை எங்க?"

"வீட்டுல, அப்பாகிட்ட."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இறங்கிவிட்டது. வேறு யாரோ நிற்பதுபோல் இருந்தது.

"அப்படின்னா உள்ள வா. நேத்து கேட்டியே, இப்ப சொல்றேன்."

உள்ளே கூடத்திலிருந்து போகும் ஒவ்வொரு கதவிலும் பூட்டுத் தொங்கியது. சாவி எல்லாம் சிட்னியில். அத்தை படுப்பது சமையல்கட்டுத் தரையில், ஒரு பாயில். மின்சாரம் எப்போதோ வெட்டப்பட்டிருந்தது. குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். இருட்டில் நான்கைந்து மரவள்ளிக் கிழங்குகள் மண்ணோடு கிடந்தன. எலி எடுக்காமலிருக்க அதில் வைக்கிறாராம்.

"பணம் வந்து எத்தினியோ மாசமாச்சு. போன வாரம் ஒருத்தன் ஏணியோட வந்தான். கூரைய அளக்கிறான். இன்னாய்யா பண்றன்னு கேட்டா, வூட்ட பிரிச்சு எடுக்க உங்க அண்ணன்கிட்ட வாங்கிட்டேன்றான். குத்தகை முடிஞ்சு போச்சாம். நிலத்துக்காரங்க நிலத்த திருப்பிக் கேட்டுட்டாங்களாம். அண்ணனுக்கு எல்லாம் தெரியும். எனக்குத்தான் யாரும் சொல்லல."

"நீங்க எங்க போவீங்க?"

"அதெல்லாம் நீதானே எழுதிக்கினு போற? நீயே சொல்லு."

"நேத்து ஏன் அத்தை சொல்லல?"

அவர் என்னை உண்மையான ஆச்சரியத்தோடு பார்த்தார். "இன்னா பொண்ணு நீ? கைக்கொயந்தைய மடியில வச்சிக்கினு வூட்டுக் கஷ்டத்த பேசுவாங்களா? அது கொயந்தை மேல ஏறாது? உங்கம்மா சொல்லலையா?"

சொல்லியிருக்கிறாள். நூறு தடவை சொல்லியிருக்கிறாள். என் மகள் பிறந்த சமயத்தில், சாவுச் செய்தி சொல்ல வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, குழந்தையைப் பின்கட்டுக்குத் தூக்கிப் போனபிறகுதான் பேசவிட்டாள். எனக்குத் தெரிந்த வழக்கம், என் வீட்டு வழக்கம். வேலை என்று கிளம்பியதும் எப்படி நினைவில்லாமல் போனது என்று இன்றும் புரியவில்லை.

துண்டைக் கையில் பிடித்தபடி கிட்டத்தட்ட ஓடி இறங்கினேன். வாயாடியின் வீட்டில் நின்றேன். அவள் எட்டிப் பார்த்தாள். இந்த முறை கத்தவில்லை.

"மேனேஜரம்மா வரலையா?"

"இல்ல. தனியா வந்தேன்."

"அப்ப உட்காரு." பின்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி அவள் பேச ஆரம்பித்தாள். துப்பாக்கி வருஷத்தில் வீட்டுக்குள் ஆட்கள் புகுந்தது. புருஷனை அடித்தது. மூத்த பெண் அதன்பிறகு வாயே திறக்காதது. அந்தப் பெண் உள்ளே இருந்தாள். இத்தனை நாள் வந்தும் நான் அவளைப் பார்த்ததில்லை. நான் கேட்டு, சப் டீக் என்று வாங்கி வந்த ஒவ்வொரு வாசலும் கண்முன் வந்து நின்றது.

கடைத் தொலைபேசியிலிருந்து மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். நான் சேர்த்த பதில்கள் எல்லாம் தப்பு, உதவிக்குழுவுக்கு அனுப்பாதீர்கள் என்றேன்.

"மக்கள் மனவலிமையோட இருக்காங்கன்னு ஏற்கெனவே எழுதிட்டோமே. அதுவே நல்ல முடிவுதானே?"

"அது மனவலிமை இல்ல சார். என் குழந்தைக்காகச் சொன்ன பொய்."

அப்படியானால், வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி கேட்க முடிந்தால் கேள், ஆனால் குழந்தையைக் கொண்டுபோகாதே என்றார். குழந்தையை எங்கே விடுவேன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியில் அத்தையிடம்தான் விட்டேன். அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தார். சளி குறைந்ததும் காலையில் மேட்டில் குழந்தையைக் கொடுத்துவிட்டு வெறும் இடுப்போடு வீடுகளுக்குப் போனேன். கணவரிடம் பாதிதான் சொன்னேன். அதிகம் பழகாதவரிடம் பிள்ளையை விட்டுவிட்டோமே என்று ஒவ்வொரு வாசலிலிருந்தும் மேட்டைத் திரும்பிப் பார்த்தேன். ஆனால் ஒவ்வொரு வாசலிலும், நேற்றுவரை சிரித்தவர்கள் அழுதார்கள். மத்தியானத்துக்குள் என் காது மரத்துப்போயிருந்தது.

திரும்பும்போது மேட்டிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது.

ஓடினேன். கூரையில் நான்கு பேர் நின்று தகரத்தை நெம்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஆணி பிடுங்கும்போதும் வீடே கத்துவதுபோல் ஓர் ஒலி. என்றைக்கு வருவார்கள் என்று அத்தைக்கும் தெரியாது. மாமரத்தடியில், தன் பாயைச் சுருட்டி அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துணிப்பை. அதன் வாயில் பித்தளை விளக்கின் முனை எட்டிப் பார்த்தது. மடியில் என் மகள் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"டாம் டாம்னு மேளம் அடிக்கிறாங்க, பாரு! வூட்டுக்குச் சட்டை கழட்டி குளிப்பாட்டப் போறாங்க!" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அதே ராகத்தில் கூரையைப் பார்த்து, "சமையல்கட்ட மட்டும் கடைசியா பிரிங்கய்யா" என்றார்.

"அத்தை..." என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணாலேயே என்னை அடக்கினார். குழந்தை இருக்கிறது.

அவருடைய பெயரை அன்று மாலையே அனுப்பினாலும் உதவிக்குழு வந்து பார்க்கச் சில வாரமாகும். அதுவரை நான் வீட்டுக்குக் கூட்டிப்போனால், ஆதரிக்க ஆள் இருக்கிறது என்று பெயரை எடுத்துவிடுவார்கள். அந்த விதி எனக்குத் தெரியும். கூட்டிப்போகாவிட்டால் இன்று ராத்திரி மாமரம்தான். எங்களுக்கு இருப்பது ஒரே அறை. கணவர் என்ன சொல்வார் என்று தெரியாது. இவ்வளவும் யோசித்தபடி நின்றேன். மேலே இன்னொரு தகரம் கழன்று விழுந்தது. குழந்தை சிரித்தது.

"அத்தை, எனக்குக் கை வலிக்குது. இவளத் தூக்கிட்டு பஸ்ல வர்றீங்களா?"

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, குழந்தையை இடுப்பில் வைத்து, விளக்குப் பையை மற்றக் கையில் எடுத்தார். பாயை நான் எடுத்துக்கொண்டேன். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்தார். கரும்பு பின்னால் போய்க்கொண்டிருந்தது. குழந்தையின் காதருகே குனிந்து, எனக்கும் கேட்கும்படி, "நாம எங்கடி போறோம்? அம்மாவ கேளு" என்றார்.

"நம்ம வீட்டுக்கு. எல்லாரும் நல்லா இருப்போம்" என்றேன்.

குழந்தை மடியில் இருந்ததால் அப்படிச் சொன்னேனா, நிஜமாகவே சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. அத்தை தலையை ஆட்டினார். அவருக்கும் தெரிந்திருக்காது.