டாக்டர் நாற்காலியில் அம்சவேணி

அன்று பொய்க்குத் தலையாட்டியவள் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. கொல்லிமலையில் ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸ். அரசின் மனநலத் திட்டம் மலையில் எந்த அளவுக்கு நடக்கிறது என்று அளந்து பார்க்க, கீழேயிருந்து கதிரேசன் என்பவர் கேள்வித்தாளோடு வந்திருந்தார். நோயாளி ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றார். அம்சவேணியையும் அவள் கணவர் தனபாலையும் வரச் சொன்னேன்.

அம்சவேணி மலையிலேயே வளப்பூர் நாடு என்ற பகுதிக்காரி. இரண்டாவது பிள்ளை பிறந்தபின் அவள் காதில் யார் யாரோ பேசத் தொடங்கினார்கள். ஊர் பைத்தியம் என்றது. மாத்திரை ஆரம்பித்து நாலு வருடம். இப்போது ஏணி போட்டு மிளகு பறிப்பதும், பலாப்பழத்துக்குப் பேரம் பேசி வியாபாரிகளை விரட்டுவதும் அவள்தான். போன ஐப்பசியில் மூன்று வாரம் மாத்திரை வரவில்லை. வீட்டை விட்டுப் போனவளை இரண்டு நாள் கழித்துப் புளியஞ்சோலைக் காட்டில் கண்டுபிடித்தார்கள்.

"மாசாமாசம் டாக்டர் வர்றாரா? மாத்திரை கிடைக்குதா?" கதிரேசன் தனபாலிடம்தான் கேட்டார்.

தனபால் என் முகத்தைப் பார்த்தார். தலையாட்டினேன். மேலிடத்தில் திட்டு வாங்கப்போவது நானல்லவா!

"வாராருங்க. கெடைக்குதுங்க."

கதிரேசனின் பேனா 'ஆம்' கட்டத்துக்குப் போனது.

"ஏனுங்க, மாத்திரை முழுங்கறது நானுங்க. கேள்வி அவருக்குங்களா?"

அம்சவேணி எழுந்து நேராகப் போய் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு ரெண்டாவது செவ்வாய். டாக்டர் வர்ற நாளுங்க. நீங்களும் ஒக்காருங்க. அவர் வந்தா நான் எந்திரிச்சுக்கறேன், நீங்க ஆமான்னு எழுதிக்கங்க."

காலையிலிருந்து அந்த நாற்காலி எங்கள் கண்ணெதிரே காலியாகக் கிடந்தது. ஒருவருக்கும் உறைக்கவில்லை. கதிரேசன் உட்கார்ந்தார். அவர் பிடிக்க வேண்டிய மூன்று மணி பஸ்ஸும் போய்விட்டது. டாக்டர் வரவில்லை.

அம்சவேணி மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இன்னும் ஆறுதான் இருக்குதுங்க. நீங்க ஆமான்னு போட்டுட்டு எறங்கிட்டா, ஏழாம் நாள்ல இருந்து நான் மறுபடி காட்டுலதான். அதையும் எழுதுங்க."

அவர் 'இல்லை' என்று எழுதி, ஓரத்தில் அந்த ஆறையும் எழுதினார். 'குடும்பத்தினர் கையொப்பம்' என்றிருந்த இடத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள். கீழே நானும் போட்டேன். ஆத்திரமாக வந்தது, அவள்மேல் இல்லை, இரண்டு வருடமாக மாத அறிக்கையில் 'ஆம்' எழுதிவந்த என்மேல்.

மறுநாள் மேலதிகாரி போனில் என்னைக் காய்ச்சி எடுத்தார். ஐந்தாம் நாள் மாத்திரை வந்தது.

அடுத்த மாதம், இரண்டாவது செவ்வாய். நான் கதவைத் திறக்கும்போதே அம்சவேணி ஒரு நோட்டோடு நின்றிருந்தாள். உள்ளே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் தடுக்கவில்லை. பத்தரைக்கு ஜீப் வந்தது. டாக்டர் உள்ளே நுழைந்தார்.

அவள் உடனே எழவில்லை.

"ஒரு நிமிசம் இருங்க சார். நீங்க வந்த நேரத்தக் குறிச்சுக்கறேன்."