தம்பிக்கு வந்த நோயின் பெயர்

தம்பியின் இடது சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். கட்டியும் அதோடு போயிற்று என்றுதான் நம்பினோம். அவனுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல், வலியசாலையில் எங்கள் வீட்டு மாடியில் இருந்தான். தம்பானூரில் ஒரு டிராவல்ஸில் வேலை. சிறுநீரில் இரத்தம் போனபோது, வெயில் சூடு என்று சொல்லி இளநீர் குடித்துக்கொண்டிருந்தவன்.

கட்டியைச் சோதித்த முதல் ரிப்போர்ட்டில், எந்த வகை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, இன்னும் சில சோதனைகள் வேண்டும் என்று இருந்தது. காத்திருந்தோம். பிறகு பரிசோதனைக்கூடத்து டாக்டரம்மாவே எங்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். அவர் அப்படி யாரையும் கூப்பிடுவதில்லை என்று நர்ஸ் சொன்னாள். தம்பி அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். நான் மட்டும் போனேன்.

அவர் மலையாளத்தில் நிதானமாகப் பேசினார். சிறுநீரகப் புற்றில் இது மிக அபூர்வமான வகை. செல்லில் இருக்க வேண்டிய ஒரு என்சைம் இந்தக் கட்டியில் அறவே இல்லை. பெரும்பாலும் பிறவியிலேயே இருக்கும் ஜீன் கோளாறால் வருவது. பிறகு கேட்டார்: "சேச்சி, வீட்டில் ஆர்க்கெங்கிலும் செறுப்பத்திலே கர்ப்பபாத்திரம் எடுக்கேண்டி வந்நிட்டுண்டோ?"

சின்ன வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்தது எனக்குத்தான். மகள் பிறந்த சில வருஷத்தில், கட்டி கட்டியாக வளர்ந்துவிட்டதென்று எடுத்தார்கள். சொன்னேன். அவர் எழுந்து வந்து என் கையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கைக்கு மேலே சின்னச் சின்னத் தடிப்புகள் உண்டு. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுள்ளென்று வலிக்கும். நான் அவற்றை யாரிடமும் காட்டியதில்லை. விரலால் தொட்டுப் பார்த்தார். கர்ப்பப்பைக் கட்டியும் இந்தத் தடிப்பும் அதே ஜீன் கோளாறால் வரக்கூடியவை என்றார்.

திரும்பி வந்தபோது தம்பி விழித்திருந்தான்.

"டாக்டர் என்னக்கா சொன்னா?"

"நம்ம ஆத்துல வழிவழியா வர்றதாம்டா. எனக்கும் இருக்கலாமாம்."

தையல் வலியோடு எழுந்து உட்கார்ந்தான். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ மொதல்ல ஸ்கேன் எடு. இன்னிக்கே எடு" என்று அதட்டினான்.

பெயர் தெரிந்த பிறகு அதற்கேற்ற மருந்து கொடுத்தார்கள். கொஞ்ச நாள் பசியெடுத்தது, முகம் தெளிந்தது. அப்புறம் ஈரலில் என்றார்கள், எலும்பில் என்றார்கள். டாக்டர்கள் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார்கள். எனக்கும் எல்லாம் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழைக்காலத்தில் போய்விட்டான்.

என் இரத்தத்திலும் அதே கோளாறு இருக்கிறது. வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ. எடுக்கிறேன். இதுவரை சிறுநீரகத்தில் ஒன்றுமில்லை. கொச்சியில் வேலை பார்க்கும் மகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டாம். விடுமுறைக்கு வந்தவளிடம் சொல்லி, இரத்தம் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "எனிக்கு இப்போ அறியண்டா, அம்மா" என்றாள். இப்போது தெரிய வேண்டாமாம்.

போன மாதம் வந்தபோது மறுபடி கேட்டேன். காதில் விழாதவள்போலத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து மடித்தேன்.