அந்தப் பிள்ளை நின்ற ஒரு நிமிடம்

கல்முனையில் கேபிள் டிவி கண்ட்ரோல் ரூமில் எனக்கு அது பத்தொன்பதாவது வருடம். சத்தத்தின் அளவைக் காட்டும் ஓடியோ மீட்டர் பூச்சியத்துக்கு இறங்கினால், ரிசீவர் பழுது என்று எடுத்து, பத்து வரை எண்ணிவிட்டு ஸ்பெயார் ரிசீவருக்கு மாற்ற வேண்டும். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, நாடகம் ஓடும்போது மீட்டர் விழுந்தது. எண்ணினேன், மாற்றினேன். ஸ்பெயார் சிக்னல் பிடிக்க ஒரு நிமிடம் எடுத்தது. அதுவரை ஊர் முழுக்க நீலத் திரை.

படம் திரும்பியதும் போன் விடாமல் அடித்தது. முதலில் பேசியவர் கல்முனைக்குடியில் தையல் தைக்கும், நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் ஒருவர்.

"தம்பி, அந்தப் புள்ள கணக்குச் செய்யக்குள்ள டிவியை நிப்பாட்டினது ஆரு? இதப் பார்க்கத்தானே ஒரு மாசமாக் காத்திருந்த நாங்க."

சத்தம் போய்விட்டது என்று சமாளித்தேன். ஆனால் ரிசீவரைக் கழற்றிப் பார்த்தால் ஒரு கோளாறும் இல்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டுக்குப் போனால் மனைவி முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அவள்தான் அந்த நாடகத்தின் கதையைச் சொன்னாள். உப்பளத்தில் வேலை செய்யும் பெண். பள்ளிக்கூடம் பாதியில் நின்றது, ஆனால் கணக்கில் புலி. பேராசிரியர்கள் கொடுக்கும் கணக்கைச் செய்தால் பல்கலைக்கழகம், இல்லையென்றால் திரும்பவும் உப்பளம். அவள் எப்படி வென்றாள் என்பதை மட்டும் ஊரில் ஒருவரும் காணவில்லை. நான் செய்த கேடு அது. இத்தனை வருடம் நாடகம் ஓட்டிய நான் ஒன்றைக்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை.

மறுநாள் காலை மறு ஒளிபரப்பு. முறைப்பாடு கூடியதால், நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் முதலாளியும் வந்து பக்கத்தில் இருந்தார். நான் மீட்டரை விட்டுத் திரையைப் பார்த்தேன். அந்தப் பெண் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றாள். இசை நின்றது. மீட்டர் பூச்சியம். முதலாளியின் கை சுவிட்சுக்குப் போனது.

அவள் கண்ணைப் பார்த்தேன். பிடித்துக்கொண்டேன் அவர் கையை.

"கைய எடுங்க காக்கா. அந்தப் புள்ள யோசிக்கா."

ஒரு நிமிடம் முழுக்கச் சத்தமே இல்லை. பிறகு அவள் டஸ்டரை எடுத்து, கேள்வியிலேயே ஒரு வரியை அழித்தாள். கேள்விதான் பிழை! பேராசிரியர்கள் எழுந்து நின்றார்கள். முதலாளி மெதுவாக "சுப்ஹானல்லாஹ்" என்றார்.

இந்த வேலைக்கு வரும் தம்பிமாருக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். மீட்டர் விழுந்தால் உடனே எண்ணத் தொடங்காதீர்கள். முதலில் திரையில் நிற்பவரின் முகத்தைப் பாருங்கள்.