இரும்புப் பாலத்தில் அக்கா சொன்ன பெயர்

அந்தப் பாலத்துக் கம்பியைப் பிடித்துவிட்டுக் கையை மணந்து பார்த்தால் உப்பும் துருவும் சேர்ந்து ஒரு வாசம் வரும்... பஸ் ஏறும்போது பலகைகள் தடதடக்கும். எதிரே பஸ் வந்தால் சைக்கிள்காரர் இறங்கிக் கம்பியோடு ஒட்டி நிற்க வேண்டும். அவ்வளவு ஒடுக்கம்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. அக்கா கலியாணம் முடித்துப் போனது அந்தப் பக்கம், கரவெட்டிக்கு.

அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். அக்காதான் எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டு வளர்த்தவள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பா சைக்கிள் மிதிப்பார், நான் பின்னால். ஹாண்டிலில் அக்காவுக்கு முருங்கைக்காய்க் கட்டு.

பிறகு நாட்டில் சண்டை வந்தது. ஒருநாள் விடிந்து பார்த்தால் பாலத்தின் நடுத்துண்டு இல்லை.

அக்கா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. சுற்றிப் போக ஒரு பாதை இருந்தது. ஆனால் அப்பாவுக்கு இழுப்பு வருத்தம், மூச்சு முட்டும், அவ்வளவு தூரம் முடியாது. அந்த வழியால் வந்த மீன்காரர்தான் சேதி கொண்டு வந்தார்.

"பொம்பிளைப் பிள்ளை அண்ணை. தாயும் பிள்ளையும் சுகம். ஞாயிறு பின்னேரம் பிள்ளையைப் பாலத்தடிக்குக் கொண்டு வாறாவாம். உங்களையும் வரட்டாம்."

போனோம். அந்தக் கரையில் அக்காவும் அத்தானும். அக்கா பிள்ளையை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள். வெள்ளைத் துணி மட்டும்தான் தெரிந்தது. முகம் தெரியவில்லை. நல்ல சோளகக் காற்று...

அப்பா வாயில் கையைக் குவித்துக் கத்தினார். "என்ன பேர் பிள்ளை வைச்சனீங்கள்?"

அக்கா ஏதோ நீளமாகச் சொன்னாள். எங்களுக்கு வந்தது "அம்மா..." மட்டும். திரும்பவும் கேட்டார். திரும்பவும் "அம்மா..."

அப்பா கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"தாய் பக்கத்திலை இல்லாமல் பிள்ளை பெத்தவள். தாயைக் கூப்பிட்டு அழுறாள்" என்றார்.

கொஞ்ச நாளில் சுற்றுப்பாதையும் அடைபட்டது. அந்த மாரியில் அப்பாவுக்கு இழுப்புக் கூடியது. படுக்கையிலும் அதே கதைதான். "அவள் அங்கை இன்னும் அழுறாளோ தெரியேல்லை..." அந்தக் கவலையோடுதான் போனார். செத்தவீட்டுக்கு அக்காவால் வர முடியவில்லை.

பாதை திறந்து அவள் வந்தபோது மகள் முற்றத்தில் ஓடித் திரிந்தாள். அப்பாவின் படத்துக்கு முன்னால் அழுது ஓய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்கா கூப்பிட்டாள்.

"பாக்கியம், இஞ்சை வா. தாத்தாவைக் கும்பிடு."

பாக்கியம்... எங்கள் அம்மாவின் பெயர்.

"என்னடி முழிக்கிறாய்? அண்டைக்குப் பாலத்திலை கத்திச் சொன்னனான் எல்லே, அம்மான்ரை பேர்தான் வைச்சிருக்கிறம் எண்டு. அப்பாவுக்குச் சந்தோசமா இருந்திருக்கும், என்ன?"

"ஓம் அக்கா. நல்ல சந்தோசம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அக்காவும் இப்போது இல்லை. அதனால்தான் இதை இங்கே எழுத முடிகிறது.

இப்போது அங்கே கொங்கிறீற் பாலம். பஸ்காரர் வேகம்கூடக் குறைப்பதில்லை. பழைய இரும்புத் தூண்கள் பக்கத்தில் துருவேறி நிற்கின்றன. ஒரேயொரு சொல் அன்றைக்கு இந்தக் கரைக்கு வந்திருந்தால், அப்பா நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார்...

பாக்கியம் கனடாவில் இருக்கிறாள். போன மாதம் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. வீடியோவில் முகத்துக்குக் கிட்டப் பிடித்துக் காட்டினாள். பிள்ளை கொட்டாவி விடுகிற சத்தமும் வந்தது.

"சின்னம்மா, கிளியராக் கேக்குதோ?"

"ஓம் பிள்ளை... நல்லாக் கேக்குது."