சின்னத்தாயியின் சீமை அத்தி

மகள் தமயந்தி ஆறு மாதக் கருவாக வயிற்றில் இருந்தபோது சின்னத்தாயி ஆரஞ்சுக் கூடையைச் சுமந்துகொண்டு கொடைக்கானல் சந்தைக்குப் போனாள். அது அறுபத்திரண்டாம் வருஷம். வழியில் ஒரு பங்களாவின் பின்வாசலில் தண்ணீர் கேட்டு நின்றாள். அங்கே சமையல் வேலை பார்த்த ஆரோக்கியதாஸ் என்பவர், பிள்ளைத்தாய்ச்சிக்கு வெறும் தண்ணீர் கொடுக்க மனமில்லாமல் ஒரு பழத்தையும் சேர்த்துக் கையில் வைத்தார். கத்தரிக்காய் நிறம். தொட்டால் குழைந்தது. பிட்டால் உள்ளே சிவப்பாக, எள்ளைக் கொட்டி வைத்ததுபோல் விதை.

"சீமை அத்தி. பயப்படாம தின்னும்மா, காட்டு அத்தி மாதிரி பூச்சி இருக்காது" என்றார்.

அந்த ஒரு பழத்தைப் பற்றிச் சின்னத்தாயி பதினோரு வருஷம் பேசினாள். காப்பிப் பழம் பறிக்கும்போதும் பேசுவாள், அவரைக்குக் களை வெட்டும்போதும் பேசுவாள். அவள் கணவர் குருநாதன் கேலி செய்வார். "ஒரு பழத்தத் தின்னுட்டு இம்புட்டு வாய் பேசுற பிள்ளையப் பெத்தா. ரெண்டு தின்னிருந்தா கலெக்டரப் பெத்திருப்பா."

சின்னத்தாயி மேல்மலைப் போளூர்க்காரி. வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற உயரத்திலிருந்து, பதினாறு வயதில், தாண்டிக்குடிக்குக் கீழே இருந்த இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் அட்டைக்கடிக்கும், காப்பித் தோட்டத்து இருட்டுக்கும் பயந்தாளாம். இங்குள்ள மரம் எதற்கும் பெயர் தெரியாமல் பல நாள் எதை விறகுக்கு ஒடிப்பது என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்புக்கு ஆளானாளாம். இரண்டு பிள்ளைகள். மூத்தவன் திருமலைச்சாமி. எட்டு வருஷம் கழித்துத் தமயந்தி.

திருமலைச்சாமி பத்தொன்பது வயதில் கொடைக்கானலில் ஒரு பங்களாத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தான். முதல் லீவுக்கு வந்தபோது ஒரு பால்பவுடர் டப்பாவை மடியில் வைத்து ஜீப்பில் உட்கார்ந்து வந்தான். டப்பாவுக்குள் மண், மண்ணுக்குள் ஒரு சாண் குச்சி.

"என்னடா இது, குச்சிய லீவுக்குக் கூட்டியாந்திருக்க?" என்றார் குருநாதன்.

"சீமை அத்திப்பா. அம்மாவுக்கு. இலை விரிஞ்சா கை மாதிரி இருக்கும், பாரும்மா. அஞ்சு வெரல்."

வீட்டு முன்னால், ஓடைப் பள்ளம் இறங்கத் தொடங்கும் இடத்தில் அவனே குழி வெட்டி வைத்தான். இலை அவன் சொன்னபடியே கை விரித்தது. மேலே தடவினால் பூனை நாக்குபோல் சொரசொரப்பு. மழை பெய்த மறுநிமிஷம் அந்த இலைகளிலிருந்து ஒரு வாசம் எழும்பும். பச்சைத் தேங்காயும் பாலும் கலந்த மாதிரி. எழுபத்தைந்தில் நான்கு பழம் பழுத்தது. முதல் பழத்தைப் பிட்டு அம்மாவின் வாயில் வைத்தான். அவள் மென்றுகொண்டே அழுதாள். பதின்மூன்று வயதுத் தமயந்திக்கு அது வேடிக்கையாக இருந்தது.

மறு வருஷம் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண் நன்றாக மஞ்சளித்த பிறகுதான் வீட்டுக்கு வந்தான். நாட்டு மருந்தில் பத்து நாள் போயிற்று. நினைவு தப்பியதும் ஜீப்பில் படுக்க வைத்து வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். பாதி மலையிலேயே ஜீப் திரும்பி வந்தது. அவனுக்கு இருபத்திரண்டு.

சின்னத்தாயி அந்த வருஷம் மரத்தில் காய்த்ததைப் பறிக்கவில்லை. அடுத்த ஐப்பசிப் புயலில் பக்கத்திலிருந்த சில்வர் ஓக் மரம் முறிந்து அத்தியின் மேலேயே விழுந்தது. அடிக்கட்டை மட்டும் மிஞ்சி, அதுவும் கறுத்துப் போனது. ஒரு வருஷம் கழித்துக் கட்டையின் ஓரத்தில் ஒரு தளிர் வந்தது. சுற்றிலும் காப்பியும் உண்ணிச்செடியும் அடர்ந்து கிடந்த அந்த நிழலுக்குள் அது மெலிந்து, வெளிச்சம் தேடி, பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்து வளர்ந்தது. காய்க்கவில்லை. இலைகள் விரல் பிரியாமல் முட்டை வடிவத்தில் மூடியபடி இருந்தன.

குருநாதன் அதைப் பேயத்தி என்றார். பள்ளத்தில் பேயத்தி, தின்ன உதவாத காட்டு அத்தி, நிறைய உண்டு. இலையும் அதே சொரசொரப்பு. வௌவால் போட்ட விதை, செத்த கட்டைக்குப் பக்கத்தில் முளைத்திருக்கிறது என்றார். ஒரு வீட்டு வாசலில் பேயத்தி நிற்கக்கூடாது, அதுவும் மகன் குழி வெட்டி மரம் வைத்த இடத்தில், என்று அவருக்கு மனசு ஆறவில்லை. அந்த இடத்தைக் காப்பி காயப்போடும் களமாக்கிவிட நினைத்தார்.

"அது நம்ம மரந்தாங்க. அவன் வச்ச வேரு" என்றாள் சின்னத்தாயி.

"போளூர்க்காரிக்குப் பேயத்தியப் பத்தி என்ன தெரியும்? இலையப் பாரு. எங்க இருக்கு வெரலு?"

"அவன் போனப்பறம் கை விரிக்க மனசில்ல அதுக்கு. மழை பேஞ்சதும் மோந்து பாருங்க, அதே வாசம்."

"ஒனக்கு மூக்குதான் காலேசு படிச்சிருக்கு."

இப்படியே இரண்டு வருஷம். எதற்கெடுத்தாலும் மரத்தில் போய் முடிந்தது. அவள் சோறு போட்டாள், அவர் சாப்பிட்டார், வேறு பேச்சு இல்லை. கடைசியில் சின்னத்தாயிதான் சொன்னாள்: "நம்ம தமயந்தி படிக்கிறாள்ல. அவ சொல்லட்டும். பேயத்தின்னு அவ சொன்னா நான் மறிக்கல."

தமயந்தி அப்போது மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் வருஷம். அந்த ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். எண்பத்தொன்று அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, குருநாதன் ஹாஸ்டல் வாசலில் பார்வையாளர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மடித்த செய்தித்தாளுக்குள்ளிருந்து ஓர் இலையை எடுத்து நீட்டினார்.

"இது என்ன மரம்னு சொல்லு தாயி. ஒங்கம்மா ஒன் வார்த்தைக்குத்தான் காத்துக் கெடக்கா."

இலை நான்கு நாள் வாடியிருந்தது. முகர்ந்து பார்த்தாள், செய்தித்தாள் வாசம்தான் வந்தது. அப்பா இதுவரை அவளிடம் எதையும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போதுகூட அவளிடம் கேட்டு அனுப்பவில்லை. அந்த மனிதர் இப்போது தோளில் துண்டோடு, தன் மகள் ஒரு பதில் சொல்வாள் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் ஆய்வுக்கூடத்தில் அழுத்திக் காயவைத்த மாதிரிகளைப் புரட்டினாள். பேயத்தி என்று எழுதிய தாளில் இருந்த இலையும் இதுவும் ஒன்றுபோல் இருந்தன. முட்டை வடிவம், சொரசொரப்பு, அடியில் பூனை மயிர். சீமை அத்தித் தாளில் இருந்த இலைக்குத் தெளிவாக ஐந்து விரல். சந்தேகம் கேட்க விரிவுரையாளர் அன்றைக்கு வரவில்லை. திங்கட்கிழமை வரை பொறுத்திருக்கலாம். அப்பா வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

"பேயத்திதாம்ப்பா."

"நல்லாப் பாத்தியா தாயி?"

"பாத்தேம்ப்பா. புத்தகத்துலயும் இருக்கு."

குருநாதன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஒங்கம்மாவுக்கு நீயே ரெண்டு வரி எழுதிக் குடு. நான் சொன்னா நம்ப மாட்டா."

அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். 'அம்மா, இது அண்ணன் வைத்த மரம் இல்லை. அது புயலிலேயே போய்விட்டது. இது பேயத்தி. மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.' கையெழுத்தை நிறுத்தி அழகாகப் போட்டாள்.

டிசம்பர் லீவுக்கு வந்தபோது மரம் இருந்த இடம் சாணி மெழுகிய களமாக இருந்தது. அதில் காப்பிப் பழம் சிவப்பும் கறுப்புமாகக் காய்ந்துகொண்டிருந்தது. அடிக்கட்டையையும் தோண்டி எரித்துவிட்டதாக அப்பா சொன்னார். வீட்டில் பேச்சு திரும்பியிருந்தது. அப்பா கேலி பேசினார், அம்மா பதிலுக்குப் பதில் சொன்னாள். தமயந்தியின் கடிதத்தை அம்மா அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள்.

"ராமலிங்கம் வாத்தியாரு வாசிச்சுக் காட்டுனாரு. அன்னைக்குத்தான் தாயி நெறையத் தூங்குனேன். இல்லாதத இருக்குன்னு நெனச்சுட்டு அஞ்சு வருசமா அந்தக் கட்டையக் கட்டிப் பிடிச்சுக் கெடந்திருக்கேன் பாரு, கோட்டி பிடிச்சவ மாதிரி."

மறுநாள் காலை அம்மா அவளைக் குளிக்க வெந்நீர் வைக்கச் சொன்னாள். அடுப்படித் தாழ்வாரத்தில் வெட்டிய கிளைகள் அடுக்கியிருந்தன. தமயந்தி ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்து ஒடித்தாள். ஒடித்த துண்டைத் தீயில் வைக்கப் போகும்போது கண்ணில் பட்டது.

இலை இருந்த தழும்புகள். ஒன்று இந்தப் பக்கம். சற்று மேலே, ஒன்று அந்தப் பக்கம். பிறகு இந்தப் பக்கம்.

பேயத்திக்கு இலைகள் ஜோடியாக எதிரெதிரே இருக்கும். சீமை அத்திக்கு மாறி மாறி. முதல் வருஷ நோட்டின் முதல் பக்கத்தில் அவள் கையாலேயே எழுதியிருந்தது: இலையைப் பார்க்கும் முன், அது தண்டில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார். அப்பாவிடம் அவள் குச்சியைக் கேட்கவில்லை. ஒற்றை இலையை வைத்துக்கொண்டு ஒரு மரத்துக்குப் பெயர் சொன்னாள்.

அடுக்கைக் கலைத்து ஒவ்வொரு கிளையாகப் பார்த்தாள். எதிலும் ஜோடித் தழும்பு இல்லை. அடியில் ஒரு நீளக் கிளை கிடந்தது. பள்ளத்துப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கிளை போலும். அதன் நுனியில் ஓர் இலை சுருண்டு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் சரிவும் முள்ளும். யாரும் போய் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். அந்தப் பக்கத்தில்தான் வெயில் விழும்.

இலையைப் பிய்த்து ஈயச் சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் போட்டாள். கல்லூரியில் காய்ந்த இலையைப் பிரிக்க அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள். முதலில் அது மிதந்தது. பிறகு மெதுவாக நனைந்து, ஒரு மடிப்பு விட்டது. இன்னொரு மடிப்பு விட்டது. ஐந்து விரலும் விரிந்து தண்ணீரின் அடியில் போய்ப் படுத்தது.

"தண்ணி சுட்டிருச்சா தாயி?" என்று கேட்டபடி சின்னத்தாயி உள்ளே வந்தாள். சட்டிக்குள் பார்த்தாள்.

தமயந்தி எழுந்திருக்கவில்லை. சட்டியை மறைக்கவும் தோன்றவில்லை.

அம்மா பக்கத்தில் குந்தினாள். தண்ணீருக்குள் கையை விட்டு, அந்த இலையின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். விரலுக்கு விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் கேட்டாள்.

"பேயத்திக்கும் இப்பிடி வெரலு உண்டா தாயி?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா நம்புவாள். தன் கண்ணையும் மூக்கையும் விட்டுவிட்டு, படித்த பிள்ளை சொன்னதை ஒரு முறை நம்பியவள். இன்னொரு முறையும் நம்புவாள். அதை நினைத்ததும் தமயந்தியால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை.

"இல்லம்மா" என்றாள்.

சின்னத்தாயி தலையை ஆட்டினாள். ஏதோ விலை கேட்டு, சரி என்று ஒத்துக்கொண்டவள்போல. இலையை எடுத்து நீர் சொட்ட முகர்ந்தாள்.

"அம்மா, நான் குச்சியக் கேக்காம..."

"ஒங்கப்பாட்டச் சொல்லாத."

"அம்மா."

"அவரு கையால வெட்டுனாரு. வேரத் தோண்டுறப்ப ரெண்டு நாளு சோறு எறங்கல அவருக்கு. பேயத்தின்னு சொல்லிச் சொல்லியே வெட்டுனாரு. இப்பப் போயி இதச் சொன்னா அந்த மனுசன் தாங்க மாட்டாரு."

தமயந்தி கிளைகளை வாரி அடுக்கின் பின்பக்கம் தள்ளப் போனாள். இனி இதை எரிக்க வேண்டாம் என்று ஏதோ உளறினாள். ஒரு துண்டாவது நட்டுப் பார்க்கலாம், ஏதாவது ஒன்றில் உயிர் இருக்கும் என்றாள்.

"காஞ்சது தளிர்க்காது தாயி." சின்னத்தாயி அவள் கையிலிருந்த கிளையை வாங்கிக்கொண்டாள். "இத எடுத்து வச்சா, ஏன் எரிக்கலன்னு கேப்பாரு."

கிளையை முழங்காலில் வைத்து ஒடித்தாள். தழும்பு மாறி மாறி இருந்த அந்தத் துண்டை அடுப்பில் சொருகினாள். அத்தி விறகு நல்ல விறகு இல்லை, புகைதான் அதிகம். ஊதாங்குழலை எடுத்து ஊதினாள். புகை கண்ணுக்குள் போயிற்று. துடைக்காமல் ஊதினாள். இலையையும் அதே தீயில் போட்டாள். ஈர இலை உடனே பிடிக்கவில்லை. சிறிது நேரம் சீறிக்கொண்டு கிடந்தது. அந்த வாசம், பச்சைத் தேங்காயும் பாலும் கலந்த வாசம், அடுப்படி முழுக்க எழும்பி நின்றது.

வெளியே களத்தில் குருநாதன் காப்பியைக் கிண்டிக்கொண்டிருந்தார். பலகை தரையில் உரசும் சத்தம் கேட்டது.

"ஏ புள்ள, என்ன அங்க வாசம்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க, பச்சை வெறகு" என்றாள் சின்னத்தாயி. தமயந்தியின் பக்கம் திரும்பினாள். "வெந்நி காஞ்சிருச்சு. ஆறுறதுக்குள்ள வெரசாப் போயிக் குளி."

தமயந்தி வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.