பாராளுமன்றக் கேள்வியும் வெள்ளைக் கற்களும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜூன் மாதத்து ஒரு புதன்கிழமை காலை. தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனை போகும் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கே புரிந்துவிடும்.

கிழமையை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்றன்று மழை பெய்ததா, எந்தப் பாதை மூடியது, யார் வீட்டில் கல்யாணம் என்று எழுதிவைக்கும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலேயே தொற்றிக்கொண்டது. இதற்காக வீட்டில் என்னைக் கேலி செய்யாத ஆளில்லை. பேச்சுவாக்கில் யாராவது “போன மாசம்” என்று சொன்னால், “இல்லை, அதற்கு முந்திய மாசம்” என்று திருத்தாமல் என்னால் இருக்க முடியாது. சாப்பாட்டுக்கு நடுவிலும் திருத்துவேன்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. மற்றவர்கள் நாவல் படிக்கிற ஆசையோடு நான் ஹன்சாட் படிப்பேன். பாராளுமன்றத்தில் பேசுவதை அப்படியே அச்சிட்டு வெளியிடுவார்களே, அந்த அறிக்கைதான். அதிலும் உரைகளைப் புரட்டித் தள்ளிவிட்டு, உறுப்பினர்கள் அமைச்சர்களைக் கேட்கும் வினாக்களைத்தான் தேடிப் படிப்பேன். அந்த வினாக்களுக்கு ஓர் அச்சு இருக்கிறது. இன்ன இடத்தில் இன்ன குறை இருப்பதை அமைச்சர் அறிவாரா, ஆமெனில் என்ன நடவடிக்கை, எப்போது என்று (அ), (ஆ), (இ) போட்டுக்கொண்டே போய், கடைசியில் “இன்றேல், ஏன்?” என்று முடியும். அந்த இரண்டு சொற்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

அந்தத் தோட்டத்தில் என் அக்காவின் குடும்பம் இருந்தது. அக்கா, அத்தான், இரண்டு பெண்பிள்ளைகள். மலைச்சரிவுக்குக் கீழே தொழிலாளர் குடும்பங்களுக்கென்று வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய லயம். அதில் கடைசி அறை, காம்பரா என்போம், அவர்களுடையது. முந்திய வருட மழையில் லயத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் குறுக்கே ஒரு வெடிப்பு விழுந்தது. கையை விட்டால் முழங்கை வரை போகும். சொல்ல வேண்டிய எல்லோரிடமும் லயத்து ஆட்கள் சொல்லிப் பார்த்தார்கள். எல்லோரும் பார்ப்போம் என்றார்கள். யாரும் வந்து பார்க்கவில்லை. மாற்றிடம் இல்லாத அக்கா என்ன செய்வாள்? மழை வலுத்தால் பிள்ளைகளை முன்பக்கமாகப் படுக்கப் போடுவாள், அவ்வளவுதான்.

அந்த வருடத் தொடக்கத்தில் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் நகரத்துக் கோயில் மண்டபத்துக்கு வந்திருந்தார். இதைப் பற்றிச் சபையில் பேசச் சொல்லி அவரிடம் கேட்டேன்.

“பேசலாம் தம்பி. பேசுனா நாலு பேரு மேசையத் தட்டுவாங்க, அதோட சரி. கேள்வியாப் போட்டாத்தான் வேல நடக்கும். அமைச்சு மாவட்டத்துக்கு எழுதணும், மாவட்டம் பிரதேச செயலகத்துக்கு எழுதணும். கடைசியில பதில் எழுதுறதுக்காகவாவது ஒருத்தரு மலை ஏறி வந்து பாத்தே ஆகணும்” என்றார்.

ஹன்சாட் படிக்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அச்சில் வரும் கேள்வியைத்தான் நான் படித்திருந்தேனே தவிர, ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் இப்படி ஒரு மலையேற்றம் இருக்கும் என்று யோசித்ததில்லை. அங்கேயே உட்கார்ந்து (அ) முதல் (ஈ) வரை எழுதிக் கொடுத்தேன். கடைசி வரியைப் பார்த்துவிட்டு, “நம்ம ஆளுதான்” என்று சிரித்தார்.

நான் வேலை செய்வது தலவாக்கலையில் ஒரு புத்தகக் கடையில். விஷயத்தைக் கேட்ட நாங்கள் நானா என்று கூப்பிடும் எங்கள் முஸ்லிம் முதலாளி, “அமைச்சருக்கே கேள்வி எழுதுற ஆளு, நேத்து வந்த கொப்பிக் கட்டுக்கு இன்னும் விலை ஒட்டலயே. இன்றேல், ஏன்?” என்றார். அதன் பிறகு கொஞ்ச காலம் கடையில் எல்லாவற்றுக்கும் அதுவே கேள்வியாகிவிட்டது.

கேள்வி வரிசையில் ஏறி, முறை வருவதற்கு மாதங்கள் ஆயின. ஜூன் மாதம் பிறந்து மழையும் பிடித்த பிறகு, தோட்டத்துக்குத் தகவல் வந்தது. அமைச்சரின் பதிலுக்கு விவரம் எடுக்க, மண்சரிவு பற்றி ஆராயும் அதிகாரி ஒருவர் புதன்கிழமை வருகிறார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கடையில் சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். லயத்தைப் பார்த்ததும் திருவிழாவோ என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் லயத்தைச் சோடிக்கத் தொடங்கிவிடுவார்கள். தண்ணீர் ஓடும் கானெல்லாம் வழித்துச் சுத்தமாக இருந்தது. பாதைக் குழிகளில் சரளை நிரப்பியிருந்தார்கள். வெடிப்பைப் பார்க்கப் போகும் ஒற்றையடிப் பாதையின் ஓரமாகக் கயிறு பிடித்து, நேர்கோடாகக் கல் பதித்து, ஒவ்வொரு கல்லுக்கும் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். மாவட்டத் தலைவர் பதவியில் கண் வைத்திருந்தவர். நாலு பேர் முன்னால் தோட்டத்தின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதில் கறாரானவர்.

மேலே ஏறிப் போனேன். வெடிப்பைக் காணவில்லை.

மண் போட்டு மிதித்து, மேலே புல்லை வெட்டிக் கொண்டுவந்து பதித்திருந்தார்கள். என் அக்காதான் கடைசிப் புல்லைக் காலால் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்னாக்கா பண்ணி வச்சிருக்கீங்க? இதக் காட்டத்தானே அவங்கள வரச் சொன்னோம்.”

“வர்ற மனுசரு இதுல கால விட்டு முறிச்சுக்கிட்டா யாருக்குடா கெட்ட பேரு? அவங்களும் ஒரு தாய் பெத்த புள்ளதானே” என்றாள்.

“வெடிப்பு இருந்துச்சின்னு வாயால சொன்னாப் போதாதா?” என்று தலைவர் கீழேயிருந்து கேட்டார். “நம்ம மேல நம்பிக்க இல்லாமயா வர்றாங்க?”

என்னால் அழவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. புல்லைப் பிடுங்கப் போனேன். நாலைந்து பெண்கள் சேர்ந்து என்னைச் சத்தம் போட்டார்கள். நாலு மணிவரை கொழுந்து பறித்துவிட்டு வந்து செய்த வேலை அது. விட்டுவிட்டேன். பல மாதம் காத்திருந்து வந்த கேள்வி, ‘வெடிப்பு எதுவும் காணப்படவில்லை’ என்ற பதிலோடு ஹன்சாட்டில் ஏறுவதை என் கண்ணே பார்த்துவிட்டது போல இருந்தது.

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. இறங்கியவர் ஒரு சிங்களப் பெண். மழைக்கோட்டும் சேறு ஒட்டிய சப்பாத்தும் போட்டிருந்தார். எல்லோரும் அவரை மிஸ் என்று கூப்பிட்டார்கள். தமிழ் கேட்டால் விளங்கும், பேச வராது. தலைவர் அவருக்குச் சந்தனப்பொட்டு வைத்து, ஒற்றையடிப் பாதை வழியாக மேலே கூட்டிக்கொண்டு போனார். நானும் அக்காவும் பின்னால் போனோம்.

பாதி வழியில் தலைவர் சட்டென்று நின்றார். அவர் பதித்த கல் வரிசை நடுவில் ஒடிந்திருந்தது. மேல் பாதி இருந்த இடத்திலேயே இருந்தது. கீழ்ப் பாதி அப்படியே வரிசை குலையாமல், ஒரு கை அகலம் பள்ளத்துப் பக்கமாக விலகி நின்றது.

“எந்தக் கழுத இதுல ஏறி மிதிச்சது?” என்று தலைவர் பல்லைக் கடித்தார். அக்காவைத் திரும்பிப் பார்த்தார். “ஒன் ஆடாத்தான் இருக்கும்.”

“என் ஆடு வரிசையா நின்னு ஒரே அளவுக்குத் தள்ளுமா தலைவரே? அதுக்கு அவ்வளவு படிப்பு இல்லீங்க” என்றாள் அக்கா.

மிஸ் சிரிக்கவில்லை. குனிந்து உட்கார்ந்து, ஒடிந்த இடத்தில் புல்லை விரலால் விலக்கிப் பார்த்தார். பிறகு தலைவரிடம் சிங்களத்தில் கேட்டார், இந்தக் கற்களை எப்போது பதித்தீர்கள் என்று.

தலைவருக்கு அது குற்றம் சொல்வதுபோல் பட்டிருக்க வேண்டும். அதிகாரி வருகிறார் என்பதற்காக அவசர அவசரமாகச் சோடித்தோம் என்று ஒத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, எங்கள் தோட்டம் எப்போதும் இப்படித்தான் இருக்கும், கல் பதித்து இரண்டு மூன்று மாதமாகிறது என்று சிங்களத்தில் சொன்னார்.

மிஸ் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். இரண்டு மூன்று மாதத்தில் ஒரு கை அகலம். அதை அவர் மனதில் குறித்துக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது.

நான் பெரிய தைரியசாலி இல்லை. வயதில் மூத்தவரை, அதுவும் அக்கா தினமும் முகம் பார்க்க வேண்டிய ஒருவரை, வெளியாள் முன்னால் மறுத்துப் பேசுகிறவனும் இல்லை. மண்ணைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அன்று என் வாயைத் திறக்கவைத்தது அந்தப் பழைய கிறுக்குத்தான். தேதி தவறாகப் போகிறது என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

“ஈயே” என்றேன். சிங்களத்தில் நேற்று. “ஈயே ஹவச.” நேற்றுப் பின்னேரம்.

தலைவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. மிஸ் திரும்பி, நேற்றா, நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், கயிறு பிடித்து நேராகத்தான் பதித்தார்கள் என்றேன். அவர் தலைவரைப் பார்த்தார்.  தலைவர், “ஆமாங்க மிஸ். நேத்துத்தான்” என்று தமிழிலேயே சொன்னார்.

மிஸ்ஸின் முகத்தில் நிறம் மாறியதைப் பார்த்தேன். அதன் பிறகு அவர் வெடிப்பைத் தேடவே இல்லை. கீழே இறங்கிக்கொண்டே தொலைபேசியில் யார் யாருடனோ பேசினார். பிறகு லயத்து முன்னால் நின்று, பகல் சாப்பாட்டுக்கு முன்னால் ஒருவர்கூட இங்கே இருக்கக் கூடாது, எல்லோரும் தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போக வேண்டும் என்றார். ஒரே இரவில் இவ்வளவு நகர்ந்த மலை, இன்னொரு நல்ல மழைக்குத் தாங்காது என்பதை என்னிடம் சொல்லி எல்லோருக்கும் தமிழில் விளக்கச் சொன்னார்.

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “பதில்தான் கேட்டோம். வீட்டவிட்டுப் போகச் சொன்னா எப்புடி?” மிஸ் உள்ளே போய், அக்காவின் கோழிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து ஜீப்புக்குள் வைத்தார். கோழியைத் தொடர்ந்து அக்காவும் போனாள்.

வியாழக்கிழமை நல்ல வெயில் அடித்தது. மண்டபத்தில் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியவில்லை. “இவன் கேள்வி கேட்டான், நம்ம பள்ளிக்கூடத்துல வந்து குந்தியிருக்கோம்” என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். நாலு பேர் முன்னால் தன்னைப் பொய்யனாக்கிவிட்டதாகத் தலைவர் என்னோடு பேசவில்லை. ஆம்பிளைகள் சிலர் வீட்டுக்குத் திரும்புவோம் என்று பேச ஆரம்பித்தார்கள். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு, மழை வர வேண்டுமா வரக் கூடாதா என்று தெரியாமல் நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பிடித்த மழை, மத்தியானம் வரை விடவில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் பெரிய லொறி சரளை கொட்டுவது போல ஒரு சத்தம். வெளியே ஓடிப் பார்த்தபோது எதிர்மலையில் பச்சைக்கு நடுவே செம்மண் தெரிந்தது. லயத்தின் பாதியைக் காணவில்லை. அக்காவின் காம்பரா இருந்த இடத்தில் தேயிலைச் செடிகள் வேரோடு நிமிர்ந்து நின்றன.

உடனே எல்லோரும் தலையை எண்ண ஆரம்பித்தார்கள். எண்ணி முடித்து, நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணினார்கள். எல்லோரும் இருந்தார்கள். அக்காவின் ஆடுகூட மண்டபத்துப் படியில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. அக்கா அந்த ஆட்டைக் கட்டிக்கொண்டுதான் அழுதாள்.

தலைவர் என் பக்கத்தில் வந்து நின்றார். மலையைப் பார்த்துக்கொண்டே, “அந்தக் கல்லுல ஒன்னுகூடக் காணோம் பாரு” என்றார்.  என் தோளில் கை போட்டார்.

அடுத்த வாரம் பாராளுமன்றத்தில் எங்கள் கேள்வியின் முறை வந்தது. மண்டபத்தில் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி இருபது தலைகள். உறுப்பினர் எழுந்து வினாவின் இலக்கத்தைச் சொன்னார். நான் எழுதிய கேள்வி சபையில் ஒலிக்கப்போகிறது என்று நான் கைத்தொலைபேசிக்கு இன்னும் கிட்டக் குனிந்தேன். அமைச்சர் எழுந்து, இந்த வினாவுக்குப் பதிலளிக்க இரண்டு வாரம் கால அவகாசம் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சபாநாயகர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவ்வளவுதான்.

 அக்காதான் முதலில் சிரித்தாள்.

“நேரம் கேக்குறாரா? குடுங்க. அது ஒன்னுதான் இப்ப நம்மகிட்ட நெறையா இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். புதன்கிழமைக்குப் பிறகு நான் சத்தமாகச் சிரித்தது அன்றுதான்.

பதில் பின்னால் வந்தது. குறித்த லயத்தில் தற்போது எவரும் வசிப்பதில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. அது முழு உண்மை. உறுப்பினர் விடாமல் எழுந்து, அப்படியானால் அவர்கள் எங்கே வசிப்பது என்று மேலதிகக் கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியும் அதன் பின் வந்த கேள்விகளும் இழுத்தடித்து, ஒருவழியாக வேறு மலையில் சமதரையில் வீடுகள் எழும்பின. அக்கா இப்போது அங்கேதான் இருக்கிறாள். மழை பெய்தாலும் பிள்ளைகள் விரும்பிய பக்கம் படுக்கிறார்கள்.

இப்போதும் நான் ஹன்சாட் படிக்கிறேன்; “இன்றேல், ஏன்?” வந்தால் இப்போதும் சிரிப்பு வரும். ஆனால் யாராவது ஓர் உறுப்பினர் ஏதோ ஓர் ஊரின் பெயரைச் சொல்லி அமைச்சரைக் கேட்பதைப் படிக்கும்போதெல்லாம், அந்த ஊரில் இந்நேரம் யாரோ கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருப்பார்கள், அது நேற்று அடித்தது என்று சொல்ல அங்கே ஒருவராவது பக்கத்தில் நிற்க வேண்டுமே என்று மனம் வேண்டிக்கொள்கிறது.