மக்மல் என்ற பேருக்கு வந்த தந்தி

தன் ஆபீஸில் மெயில் சர்வரை மாற்றப்போவதாகப் பெரிய மகள் போன வாரம் போனில் சொன்னாள். பழையதை என்றைக்கு நிறுத்துவது என்று இவளைத்தான் முடிவு பண்ணச் சொல்லியிருக்கிறார்களாம். சர்வர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பழையதை நிறுத்தி நான் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். அதை என் பிள்ளைகள் உங்கள் இருவருக்கும் எழுதி வைக்கிறேன்.

1. மெஷின் வந்த நாள்

எண்பதுகளின் தொடக்கம். ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதி கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங் ஹையர். முதலாளியை எல்லோரும் பாய் என்போம்.

அதுவரை வெளிநாட்டுச் சேதி எல்லாம் தந்திதான். தந்தியில் வார்த்தைக்கு வார்த்தை காசு என்பதால் முழு விலாசம் போட மாட்டார்கள். தந்தி ஆபீஸில் சுருக்கமாக ஒரு பேரைப் பதிவு செய்து வைப்போம். எங்கள் பேர் ‘மக்மல்’. மக்மல், ஆம்பூர் என்று இரண்டே வார்த்தை போட்டால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பாய் மேஜைக்கு வந்துவிடும். வருஷா வருஷம் அந்தப் பேரைப் புதுப்பிக்க வேண்டும்.

அப்புறம் டெலக்ஸ் வந்தது. டைப்ரைட்டர் மாதிரிதான், ஆனால் இங்கே அடித்தால் அங்கே ஜெர்மனியில் அச்சாகும். முதலில் காகித நாடாவில் ஓட்டை போட்டு வைத்துக்கொண்டு, லைன் கிடைத்ததும் ஓட விடுவோம். E என்ற எழுத்துக்கு ஒரே ஓட்டை. ஒரு மாதத்தில் நாடாவைக் கண்ணாலேயே படிக்கப் பழகிவிட்டேன்.

எனக்குப் பெரிய அதிசயம் வேறு. ‘நீ யார்?’ என்று ஒரு கட்டை உண்டு. அதை அழுத்தினால் எதிர்முனை மெஷின் தானாகவே தன் பேரை அடித்துக் காட்டும். அங்கே ஆபீஸைப் பூட்டிவிட்டுப் போயிருந்தாலும் காட்டும்.

பாய் நம்பவில்லை. “ஆளே இல்லாம பதில் சொல்லுதா? உள்ள ஜின்னு கின்னு இருக்கப்போவுது ஏழுமல, ஜாக்கிரதை.”

மெக்கானிக் வந்தபோது மூடியைத் திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே விரல் அளவு உருளை. அதில் எழுத்துக்கு எழுத்து பல் வெட்டியிருந்தது. அது ஒரு சுற்று சுற்றினால் பேர் போய்விடும். அன்று முழுக்க எனக்கு அதே நினைப்பு.

2. நான் போட்ட பட்டியல்

டெலக்ஸ் நம்பரை எல்லா பார்ட்டிக்கும் தெரிவிக்கச் சொன்னார் பாய். ஃபைலில் இருந்த லெட்டர்ஹெட்டை எல்லாம் எடுத்தேன். யார் தாளில் டெலக்ஸ் நம்பர் அச்சாகியிருக்கிறதோ அவர்களை எல்லாம் பட்டியலில் எழுதி, ஒவ்வொருவருக்கும் அடித்தேன். எல்லோரிடமிருந்தும் பதில் வந்தது. வேலை சுத்தம் என்று நினைத்தேன்.

அந்தச் சமயம் ‘மக்மல்’ பேரைப் புதுப்பிக்கும் தேதி வந்தது. “இனிமே இது எதுக்கு பாய்?” என்றேன். “உனக்குத்தாம்பா தெரியும்” என்றார். ரத்து செய்யச் சொல்லி நானே கடிதம் அடித்து, கம்பெனிக்காக நானே கையெழுத்தும் போட்டேன்.

3. எந்தக் கலர்?

இத்தாலியில் கையுறை தைத்து விற்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். பாயின் அப்பா காலத்துப் பழக்கம். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, சாயம் போடுவதற்கு முந்தின நிலையில் நிறுத்தி, மூன்று துண்டுக்கு மட்டும் மூன்று கலர் போட்டு அவருக்கு அனுப்புவோம். எந்தக் கலர் என்று அவர் சொன்ன பிறகுதான் மொத்தத்துக்கும் சாயம். குளிருக்கு முன்னால் கையுறை கடைக்குப் போக வேண்டும். கப்பல் தப்பினால் அந்த வருஷ வியாபாரம் அவருக்கும் போச்சு, எங்களுக்கும் போச்சு.

துண்டுகள் போய் ஒரு மாதம் ஆயிற்று. பதில் இல்லை.

சாய செக்‌ஷன் மேஸ்திரி தினமும் ஜன்னலில் தலையை நீட்டுவார். “இன்னா சார், கலரு வந்துச்சா? சாய டிரம்மு சும்மா கீது, ஆளுங்க சும்மா உக்காந்துகினு கீறாங்க.”

“வரும் மேஸ்திரி.”

“நேத்தும் இதத்தான் சொன்னீங்க. உங்க மெஷினுக்கு நாக்கு கீக்கு இழுத்துகிச்சா?”

பெரியவருக்கு டெலக்ஸ் அடிக்கலாம் என்று ஃபைலை எடுத்தேன். அவர் தாளில் டெலக்ஸ் நம்பரே இல்லை. அவரிடம் மெஷினே கிடையாது. அவர் பதில் தந்தியில் மக்மல் பேருக்குத்தான் வரும், அந்தப் பேரை நான் ரத்து செய்துவிட்டேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு தந்தி ஆபீஸுக்கு ஓடினேன்.

கவுண்டரில் தேவராஜ் இருந்தான். எனக்கு தோஸ்த்.

“வாய்யா டெலக்ஸு! வழி மறந்துபூடுச்சுன்னு நெனச்சேன்.”

“எங்க பேருக்கு ஏதாவது தந்தி வந்துச்சாபா?”

“மக்மலா? ரெண்டு வந்துச்சாம். நான் லீவு, அரக்கோணத்துல மச்சினிச்சி கல்யாணம். எனக்குப் பதிலா வந்த ஆளு ஊருக்குப் புதுசு. ரிஜிஸ்டர்ல பாத்திருக்காரு, பேரு இல்ல. அப்படி விலாசமே இல்லன்னு அனுப்பினவருக்குச் சேதி போய்டுச்சு.”

“தேவராஜு, நாங்க இங்கதானேபா இருக்கோம்!”

“நீ இருக்கே. அந்தப் பேரு இல்ல. இல்லன்னு எழுதிக் குடுத்தது யாரு? கையெழுத்து உன்னுது.”

அங்கேயே நின்று, பெரியவருக்கு ஒரு தந்தி எழுதினேன். கம்பெனி இருக்கிறது, தவறு எங்களுடையது, கலர் சொல்லுங்கள் என்று. சுருக்கம் எதுவும் இல்லாமல் எங்கள் முழு விலாசத்தையும் போட்டேன். பேரைத் திரும்பப் பதிவு செய்யவும் மனு கொடுத்தேன். பிறகு ஆபீஸுக்குப் போய்ப் பாயிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

பாய், “எங்கப்பாவோட ஆளுப்பா அவரு” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பதில் வந்தது. ‘கம்பெனி மூடிவிட்டது என்று நினைத்தேன். நாளை வேறிடத்தில் வாங்க இருந்தேன். நீங்கள் இருப்பதில் மகிழ்ச்சி. இரண்டாம் கலர்.’

பாய் அதை இரண்டு தடவை படித்துவிட்டுச் சிரித்தார். “பாத்தியா ஏழுமல, நாம மவுத்தா பூட்டோம்னு துக்கம் கூட கொண்டாடிட்டாரு மனுசன். போ, மேஸ்திரிகிட்ட சொல்லு.”

டிரம் அன்றே ஓடியது. கப்பலைப் பிடித்துவிட்டோம்.

4. பிறகு செய்த வேலை

அடுத்த நாள் தந்தி வரவு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். முந்தின ஒரு வருஷத்தில் எங்களுக்குத் தந்தி அடித்தவர்கள் யார் யார் என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். மொத்தம் பதினோரு பேர். அதில் டெலக்ஸ் இல்லாதவர்கள் நாலு பேர். நான் போட்ட பட்டியலில் அந்த நாலு பேருமே இல்லை.

புது மெஷின் யாருக்கு இருக்கிறது என்று மட்டும் தேடினேன். பழைய வழியில் இன்னும் யார் வருகிறார்கள் என்று நான் பார்க்கவே இல்லை. அந்த நோட்டு டெலக்ஸ் வந்த நாளிலிருந்து எட்டு மாதமாக என் மேஜை டிராயரிலேயேதான் இருந்தது.